மிதி, பிடி, விடு

புதன்கிழமை, பகல் பதினொன்று.
லானெல்லியில் எங்கள் தெருவில்
வேலைக்குப் போகாத கால்கள் மொத்தம் நான்கு.
என் இரண்டும் காருக்கு அடியிலிருந்து
வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.
மற்ற இரண்டு
பக்கத்து வீட்டு மெரெரிட் ப்ரோபர்ட்டுடையவை.

அவருக்கும் எனக்கும் நடுவே
ஒன்பதடி சைப்ரஸ் வேலி,
கவுன்சிலுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்கள்.
நாலாவது அவர் எழுதியது.
அதில் என் பெயரில் வேண்டுமென்றே
ஓர் எழுத்தை விட்டிருந்தார்.

முதலில் தனியாகத்தான் முயன்றேன்.
துடைப்பக் கட்டையைச் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே
முட்டுக்கொடுத்துவிட்டு
கீழே ஊர்ந்துபோய் ஸ்பேனரை வைப்பதற்குள்
கட்டை வழுக்கி ஹார்னில் சாய்ந்தது.
அரை நிமிடம் அலறியது.
சண்டைக்குத்தான் வந்தார்,
வீட்டுச் செருப்போடு.

"கொஞ்சம் கால் தருவீர்களா" என்றேன்.
க்ளட்ச்சுக்கு வேறெப்படிக் கேட்பது?

இரண்டு பேருக்கான சிவப்பு மாஸ்டா.
அதில் யாரும் உட்கார்வதில்லை, விழுவார்கள்.
விழுந்தார். கதவு சாத்தப்பட்டது.
எனக்கு மேலே
ஒரு முனகல், பிறகு ஒரு கால்.

மிதியுங்கள்.
பிடியுங்கள்.
எட்டாம் நம்பர் ஸ்பேனரால் கால் சுற்று திறக்கிறேன்.
கண்ணாடிக் குழாய் வழியே ஜாம் பாட்டிலுக்குள்
ஆறிப்போன டீ நிறத்தில் ஆயில்,
நடுவே குமிழ்,
குமிழ்,
ஒரு நீளமான குமிழ்.
மூடுகிறேன்.
விடுங்கள்.

"எழும்பவில்லை" என்றார்.
எழும்பாது. காற்று இருக்கும்வரை தரையோடு கிடக்கும்.
கால்விரலை நுழைத்துத் தூக்க வேண்டும்.
"அறுபத்தெட்டு வயதில்" என்றார்.
தூக்கினார்.

ஐந்தாம் சுற்றில்
'ங்கள்' எல்லாம் ஆயிலோடு பாட்டிலுக்குள் போய்விட்டது.
மிதி.
பிடி.
விடு.
அவளும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏன் இத்தனை தடவை என்று கேட்டாள்.
ஆயில் ஒடுங்காது, மிதித்தால் தள்ளும்;
காற்று யார் மிதித்தாலும் தலையாட்டும்,
வேலை மட்டும் செய்யாது,
அதனால் அதை முழுக்க வெளியே விடு...
விட்டுவிட்டாள்.
திருகு திறந்தே இருந்தது.
சளக்கென்று காற்று உள்ளே ஏறியது.
"நீதானே விடு என்றாய்."
"காற்றைச் சொன்னேன்."
"என்னிடம் காற்றா இருக்கிறது?"

குழாயின் முனை ஆயிலிலிருந்து
வெளியே வந்திருந்தது.
அது என் தப்பு.
அதை நான் சொல்லவில்லை.
முதலிலிருந்து.

பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தபோது
ரொம்ப நேரம் சத்தமில்லை.
தூங்கிவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன்.
நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்,
மூக்கை வேலிப்பக்கம் நீட்டி நிற்கும் காரின்
அவ்வளவு தாழ்ந்த சீட்டிலிருந்து.
"இங்கேயிருந்து பார்த்தால்
வானமே இல்லையே" என்றாள்.

என் சமையலறை ஜன்னல், மதியம் இரண்டுக்கே போடும் விளக்கு,
மூன்று கடிதத்திலும் எழுதியதெல்லாம்
நாக்கு நுனிவரை வந்தது.
கையில் பிரேக் ஆயில். பெயின்ட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் தின்றுவிடும்.
கீழே போய்ப் படுத்து
"பிடி" என்றேன்.

குமிழ்கள் சிறுத்தன, கடுகாயின.
பிறகு வெறும் தெளிந்த ஆயில்.
"இப்போது இது என்னைத் திருப்பி மிதிக்கிறது"
என்றாள் மேலேயிருந்து, கொஞ்சம் பெருமையாக.
முதல் கியர் முனகாமல் விழுந்தது.
ஒரு சுற்றுப் போகலாமா என்றாள்.
கார் இன்னும் ஸ்டாண்டில் நிற்கிறது என்றேன்.
இடது செருப்பில் ஆயில் கறையோடு
வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை அவள் அக்கா மகன்
ஏணியும் ரம்பமுமாக வந்தான்.
ஒன்றரை அடி வெட்டினார்கள்.
நான் கேட்டது மூன்று.

பிரேக்கும் கொழகொழவென்றுதான் இருக்கிறது.
அதற்கும் இரண்டு பேர் வேண்டும்,
நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக.
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.